சாமானியனுக்குப் புனே கொடுத்த இடம்

2022 மார்ச் 6. அன்றைக்குப் பிரதமர் நரேந்திர மோடிக்குப் புனேயில் மூச்சுவிட நேரமில்லை. மாநகராட்சி வளாகத்தில் சத்ரபதி சிவாஜி சிலை திறப்பு. மெட்ரோ ரயில் தொடக்கம், அதிலேயே ஒரு பயணம். முளா-முட்டா நதிச் சீரமைப்புக்கு அடிக்கல். 100 மின்சாரப் பேருந்துகள், அவற்றுக்குப் பானேரில் ஒரு பணிமனை. இவ்வளவுக்கும் இடையில் நிகழ்ச்சி நிரலில் இன்னொரு வரியும் இருந்தது: பாலேவாடியில் ஆர்.கே.லக்ஷ்மண் ஓவியக்கூடம், அருங்காட்சியகம் திறப்பு.

அடிக்கல் நாட்டு விழாக்களையும் ரிப்பன் வெட்டும் தலைவர்களையும் அரை நூற்றாண்டுக்கு மேல் கிண்டலடித்தே வாழ்ந்த கார்ட்டூனிஸ்ட் லக்ஷ்மண். அவர் இருந்திருந்தால் மறுநாள் பேப்பரில் அந்தத் திறப்பு விழாவே ஒரு சின்னக் கட்டத்துக்குள் வந்திருக்கும். மேடையில் மாலைகள், மைக்குகள், கறுப்புக் கண்ணாடிக் காவலர்கள். ஓரத்தில் கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக ஒரு வழுக்கைத் தலைக்காரர், லக்ஷ்மண் படைத்த 'சாமானியன்', தன் பெயரில் என்னதான் நடக்கிறது என்று புரியாமல் விழித்தபடி.

கலைஞர்களுக்கு நினைவிடம் என்றால் பிறந்த வீட்டைத் தேடிப் போவதுதான் நம் ஊர் வழக்கம். இந்தியக் கார்ட்டூனின் தந்தை என்று சொல்லப்படும் சங்கருக்கு அவர் பிறந்த காயங்குளத்திலேயே கேரளம் கார்ட்டூன் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறது. ராஜா ரவிவர்மாவைத் தேடுபவர்கள் கிளிமானூர் அரண்மனைக்குப் போகிறார்கள். ஆனால் லக்ஷ்மண் புனேக்காரர் இல்லை. குடும்பத்துக்குப் பூர்வீகம் நம் ராசிபுரம். ஆர்.கே. என்ற முதலெழுத்துகளில் அந்த 'ஆர்' ராசிபுரம்தான். 'கே' அப்பா கிருஷ்ணசாமி ஐயர். மைசூரில் தலைமை ஆசிரியராக இருந்த அந்த அப்பாவுக்கு எட்டுப் பிள்ளைகள். கடைக்குட்டி லக்ஷ்மண் 1921 அக்டோபரில் மைசூரில் பிறந்தார். சம்பாதித்ததும் புகழ் பெற்றதும் மும்பையில். கடைசிக் காலத்தைக் கழித்ததும், 2015 ஜனவரி 26 அன்று, குடியரசு தினத்தில், கண்ணை மூடியதும் புனேயில்.

புனேயிலேயே பிறந்த பிரபல கார்ட்டூனிஸ்ட் ஒருவரும் உண்டு. 1926 ஜனவரி 23 அன்று இந்த ஊரில் பிறந்த பால் தாக்கரே. இருவரும் மும்பை 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' பத்திரிகையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஒருவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு 1966-இல் சிவசேனாவைத் தொடங்கினார். அந்தக் கட்சி முதலில் குறிவைத்தது மும்பையில் வேலை பார்த்த தென்னிந்தியர்களைத்தான். தட்டச்சுப் பொறியும் சுருக்கெழுத்து நோட்டுமாகப் பிழைக்கப் போன நம்மவர்கள் பலருக்கு அந்த ஆண்டுகள் மறக்காது. இன்னொருவர், அதே தென்னிந்தியக் கூட்டத்தில் ஒருவர், அதே நகரத்தில் மேஜையைவிட்டு எழாமல் வரைந்துகொண்டே இருந்தார். இன்று மகாராஷ்டிரம் தன் மண்ணில் அவருக்குக் கூடம் எழுப்பியிருக்கிறது. இதைப் பெருந்தன்மை என்று சொல்வதைவிட, அந்தக் கோடுகளின் வெற்றி என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

புனே ரயில் நிலையத்திலிருந்து பாலேவாடி ஏறக்குறைய 15 கிலோமீட்டர். மும்பை-பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதி. 1994 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டிய சிவ் சத்ரபதி விளையாட்டு வளாகம் இங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் ஹிஞ்சேவாடி. அங்கே கம்ப்யூட்டர் நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். பழைய புனேயின் ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் தனி. லக்ஷ்மண் கூடத்தைச் சனிவார்வாடா, ஆகா கான் மாளிகை வரிசையில் வைத்துத் தேடினால் கிடைக்காது. அது அடுக்குமாடிக் குடியிருப்புகளும் சாலைப் பணிகளுமாக நாளுக்கு நாள் உருமாறும் புறநகரில் இருக்கிறது. சாமானியன் அன்றாடம் அல்லாடும் இடமும் இதுதானே.

உள்ளே பெரிதாகப் பேசப்படுவது மால்குடி. அண்ணன் ஆர்.கே.நாராயண் எழுத்தில் கட்டிய அந்தக் கற்பனை ஊரைச் சிறு மாதிரியாகச் செய்து ஒலி-ஒளியால் உயிர் கொடுத்திருக்கிறார்கள். திறப்பு விழாச் செய்திக் குறிப்பே அதைத்தான் முதன்மை ஈர்ப்பு என்றது. தம்பியின் அருங்காட்சியகத்தில் அண்ணனின் ஊர் எதற்கு என்று கேட்கலாம். கேட்க நியாயமும் இருக்கிறது. ஆனால் மால்குடியின் முகம் தம்பி கொடுத்தது. நாராயணின் கதைகள் 'தி இந்து'வில் வந்தபோது படம் வரைந்தவர் லக்ஷ்மண். ஷங்கர் நாக் இயக்கி தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' தொடரின் தலைப்புக் காட்சியில் நகர்ந்த சித்திரங்களும் அவருடையவை. நாற்பதைத் தாண்டிய வாசகர்களுக்கு அந்தப் படங்களைச் சொன்னதும் அந்த இசையும் சேர்ந்தே காதில் விழும். எழுத்தில் அண்ணன் விட்ட இடத்தைத் தம்பி நிரப்பினார். மார்க்கெட் ரோட்டின் திண்ணை, சுவாமிநாதனின் தொப்பி, இடுப்பில் நிற்காத வேட்டி எல்லாம் அப்படி வந்தவை.

கொடுக்கல் வாங்கல் ஒருவழி மட்டும் அல்ல. சிறுவன் லக்ஷ்மண் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு 'ரஃப் அண்ட் டஃப் அண்ட் ஜாலி' என்ற பெயரில் ஒரு கிரிக்கெட் அணி நடத்தினார்; கேப்டனும் அவரே. அந்தச் சேட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் அவற்றைக் கதைகளாக்கிவிட்டார்.

ஒலி-ஒளி மாதிரியைக் குழந்தைகள் ரசிக்கட்டும். பெரியவர்கள் நேரம் ஒதுக்க வேண்டியது சுவரில் உள்ள கார்ட்டூன்களுக்கு. லக்ஷ்மண் தூரிகையும் இந்தியன் இங்க்கும் கொண்டு வரைந்தவர். பேனா கோட்டுக்குப் பெரும்பாலும் ஒரே தடிமன். தூரிகைக் கோடு அப்படியில்லை. மந்திரியின் தொந்தியைச் சுற்றி வரும்போது தடிக்கும். மூக்கு நுனியில் மயிரிழையாகும். அவருடைய படங்களில் முதலில் மூலைகளைப் பாருங்கள். பெயர்ந்து விழும் காரை, சாய்ந்து தொங்கும் தலைவர் படம், மேஜைமேல் தூசு படிந்து சரியும் ஃபைல் அடுக்கு, அதற்குப் பின்னால் தூங்கி வழியும் பியூன். நகைச்சுவை வசனத்தில் பாதிதான், மீதிப் பாதி இந்தச் சாமான்களில் இருக்கிறது. இந்திய அரசு அலுவலகம் எப்படி இருந்தது என்று நூறு வருடம் கழித்து யாராவது ஆராய வந்தால், ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன் இங்கே வரலாம்.

இவருக்குத்தான் ஓவியம் படிக்க இடம் கிடைக்கவில்லை. மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். சேர்த்துக்கொள்ளும் அளவுக்குத் திறமை தெரியவில்லை என்று டீன் பதில் அனுப்பிவிட்டார். லக்ஷ்மண் மைசூர் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. முடித்தார். 'கொரவஞ்சி' என்ற கன்னட நகைச்சுவை இதழுக்கு வரைந்தார். சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவிலும் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு மும்பை. எஸ்.சதானந்த் நிறுவிய ஃப்ரீ பிரஸ் ஜர்னலில், கம்யூனிஸ்டுகளைக் கேலி செய்யக் கூடாது என்று கட்டளை வந்ததும் கிளம்பிவிட்டார். சேர்ந்த இடம் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'. அதன் கட்டடம் ஜே.ஜே. பள்ளியிலிருந்து சில நிமிட நடை. தன்னை வேண்டாம் என்ற பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்தார்.

1951-இல் அந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் 'யூ செட் இட்' என்ற ஒரு பத்திக் கார்ட்டூன் தொடங்கியது. முதலில் அவருக்கு ஒரு சாமானியன் போதவில்லை. இந்தியா என்றால் வங்காளி வேண்டும், தமிழர் வேண்டும், பஞ்சாபி வேண்டும், ராஜஸ்தானித் தலைப்பாகை வேண்டும். ஆனால் பேப்பர் அச்சுக்குப் போகிற நேரத்தில் அத்தனை பேரையும் நிற்க வைக்க முடியுமா? ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினார். வேட்டி, கட்டம் போட்ட கோட்டு, வழுக்கையைச் சுற்றி வெள்ளை முடி, புதர் மீசை, குமிழ் மூக்கின்மேல் மூக்குக் கண்ணாடி. எந்த மாநிலத்துக்காரர்? பார்ப்பவர் எந்த மாநிலமோ அந்த மாநிலம். கலை நுட்பம் என்று நாம் இன்று கொண்டாடுவதை உண்மையில் செய்து கொடுத்தது அச்சகத்தின் கெடு நேரம்.

சாமானியன் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மந்திரி பேசுவார், அதிகாரி பேசுவார், டாக்டர் பேசுவார். வீட்டில் அவர் மனைவி எல்லோருக்கும் சேர்த்துப் பேசுவார். இவர் கேட்டுக்கொண்டே இருப்பார். ஐந்தாண்டுத் திட்டங்கள், ரேஷன் வரிசை, தண்ணீர்ப் பஞ்சம், போஃபர்ஸ் எல்லாவற்றையும் கேட்டார். 1988-இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் 150-ஆம் ஆண்டையொட்டி வந்த தபால்தலையில் இடம்பிடித்தார். கேப்டன் கோபிநாத் குறைந்த கட்டணத்தில் 'ஏர் டெக்கான்' விமானங்களை ஓட்டியபோது அதன் சின்னமானார். 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும். அந்த விமானத்தின் அடையாளம் ஒரு தமிழ் வம்சாவளிக்காரரின் கை என்பது பலருக்குத் தெரியாது. ஏஷியன் பெயிண்ட்ஸ் டப்பாவில் தூரிகையோடு நின்ற குறும்புக்காரப் பையன் கட்டுவும் அவர் வரைந்ததே, 1954-இல். குரு தத்தின் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55' படத்தில் கதாநாயகன் ஒரு கார்ட்டூனிஸ்ட். திரையில் வரையும் கை லக்ஷ்மணுடையது.

தமிழ்நாட்டுக்கு அவர் இன்னொரு வகையிலும் நெருக்கம். முதல் மனைவி, பரத நாட்டியத்தில் புகழ்பெற்ற குமாரி கமலா. அந்த மணவாழ்க்கை முறிந்தது. பிறகு மணந்துகொண்டவர் பெயரும் கமலாதான், குழந்தைகளுக்காக எழுதியவர்.

அரசியல்வாதிகள் அவரிடம் கோபித்துக்கொண்டதைவிட, தங்களை வரையவில்லையே என்று ஏங்கியதே அதிகம். நெருக்கடி நிலைதான் விதிவிலக்கு. தணிக்கை வந்ததும் நேரே இந்திரா காந்தியையே பார்த்து முறையிட்டார். அவர் தொடர்ந்து வரையுங்கள் என்றாராம். தகவல் ஒலிபரப்பு அமைச்சர் வி.சி.சுக்லாவோ வேறு குரலில் பேசினார். பிறகு லக்ஷ்மண் மொரீஷியசுக்கு விடுமுறையில் போய்விட்டார். இதை அவரே சொல்லியிருக்கிறார். வீரக் கதையாக இதை ஜோடிக்க முடியாது. ஆனால் ஒரு கார்ட்டூனிஸ்ட் நாட்டைவிட்டுக் கொஞ்ச நாள் விலகி நிற்க வேண்டியிருந்தது என்ற தகவலே அந்தக் காலத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது.

கார்ட்டூன் தவிர அவர் ஆசை ஆசையாக வரைந்தது காக்கை. மைசூர் வீட்டுத் தோட்டத்துச் செடிகொடிகளின் பச்சைக்கும் வானத்தின் நீலத்துக்கும் நடுவே அந்தக் கறுப்பு சிறு வயதிலேயே அவர் கண்ணில் ஒட்டிக்கொண்டது. மயிலையும் கிளியையும் வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள், காக்கையை யார் வரைவார்கள்? அவர் வரைந்தார், கண்காட்சியே வைத்தார். அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிடும் நாமே அந்தப் பறவையை நின்று பார்த்திருக்க மாட்டோம். லக்ஷ்மணின் காக்கை தலையை ஒருக்களித்து ஒற்றைக் கண்ணால் நம்மை எடைபோடும். கார்ட்டூன் ஓரத்தில் நிற்கும் சாமானியன் பார்ப்பதும் ஏறக்குறைய அப்படித்தான்.

2003-இல் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. புனேயின் ஔந்த் பகுதி வீட்டில் சக்கர நாற்காலி வாழ்க்கை. வலக்கை இருந்தது, அவருக்கு அது போதுமானதாக இருந்தது, வரைவதை நிறுத்தவில்லை. அவரைப் பார்க்க வந்தவர்கள் அந்த வீட்டைத் தேடி வந்தார்கள். புனே அவருக்குச் சொந்த ஊரானது இப்படித்தான்.

அதற்கு முன்பே சாமானியன் புனேக்குக் குடிவந்துவிட்டார். சேனாபதி பாபட் சாலையில் உள்ள சிம்பயோசிஸ் வளாகத்தில் 10 அடி உயர வெண்கலச் சிலை. செய்தவர் சிற்பி சுரேஷ் சக்பால். 2001-இல் குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் திறந்துவைத்தார். தலைவர்களுக்கும் மன்னர்களுக்குமே சிலை வைக்கும் நாட்டில், ரேஷன் கடை வரிசையில் நிற்கும் ஒரு கற்பனை மனிதருக்கு ஆள் உயரத்தைவிடப் பெரிய சிலை! லக்ஷ்மண் மறைந்தபோது அந்த வளாகத்தில்தான் உடலை மக்கள் அஞ்சலிக்கு வைத்தார்கள். பின் வைகுண்ட மயானத்தில் அரசு மரியாதையோடு தகனம். புனேக்குப் போகிறவர்கள் பாலேவாடிக் கூடத்தோடு இந்தச் சிலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அண்ணன் வீட்டின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மைசூர் யாதவகிரியில் நாராயண் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு கைமாறி, 2011-இல் இடிக்கவும் தொடங்கிவிட்டார்கள். பத்திரிகைகள் கூச்சல் போட்டதால் பாதியில் நின்றது. அரசு வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது கன்னட எழுத்தாளர்கள் சிலர் எதிர்த்தார்கள். இங்கிலீஷில் எழுதியவருக்கு எதற்கு நம் பணம் என்பது அவர்கள் வாதம். கடைசியில் நகர நிர்வாகம் வீட்டை வாங்கிப் பழுதுபார்த்து 2016-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. நாராயண் பிறந்தது மைசூர்கூட அல்ல, சென்னை புரசைவாக்கத்தில் பாட்டி வீடு. அதைப் பற்றி நாம் யாரும் கூச்சல் போட்டதாக நினைவில்லை.

நினைவிடம் அமைய பிறந்த வீடுதான் வேண்டும் என்பதில்லை. 'டின்டின்' தந்த ஹெர்ஜேவுக்கான அருங்காட்சியகம் அவர் பிறந்த பிரஸ்ஸல்ஸில் இல்லை, 2009-இல் லூவான்-லா-நவ் என்ற புது நகரத்தில் எழுந்தது. 'பீனட்ஸ்' வரைந்த சார்லஸ் ஷூல்ஸ் பிறந்தது மினியாபொலிஸ். அருங்காட்சியகம் 2002-இல் திறந்தது அவர் வாழ்ந்த கலிஃபோர்னியாவின் சான்டா ரோஸாவில். தேவை, காகிதத்தைக் காப்பாற்றும் அக்கறை. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் புனே மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. லோனாவலா அருகே மலவ்லியில் ரவிவர்மாவின் அச்சகம் இருந்தது. நம் பூஜை அறைகளுக்கெல்லாம் லட்சுமியையும் சரஸ்வதியையும் அனுப்பிய அச்சுக் கற்கள் அங்கே இருந்தன. 1972-இல் தீ விபத்தில் அது அழிந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். லக்ஷ்மண் மறைந்த மூன்றாவது மாதம், 2015 ஏப்ரல் 29 அன்று, சென்னையில் ஓவியர் கோபுலு மறைந்தார். லக்ஷ்மணைவிட மூன்று வயது இளையவர், தஞ்சாவூர்க்காரர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். ஆனந்த விகடனில் ஓவியர் மாலியிடம் வந்து சேர்ந்தார், எஸ்.கோபாலனைக் கோபுலு ஆக்கியவர் மாலி. தில்லானா மோகனாம்பாளுக்கும் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் சிவாஜி, பத்மினிக்கு முன்பே முகம் கொடுத்தவர். ஒரு வார்த்தைகூட இல்லாமல் அவர் போட்ட ஜோக்குகளைத் தமிழ்நாடு வாய்விட்டுச் சிரித்தது. கும்பகோணத்துத் திண்ணை, குடுமி, பத்தமடைப் பாய், கல்யாணப் பந்தலில் சம்பந்தி முறைப்பு என்று ஒரு சமூகத்தின் வீட்டுச் சாமான் முழுக்க அந்தக் கோடுகளில் கிடக்கிறது. மாலி வரைந்த சங்கீத வித்வான்கள், சில்பி கோயில் கோயிலாகப் போய் வரைந்த சிற்பங்கள், மணியத்தின் பொன்னியின் செல்வன் எல்லாம் அதே வரிசையில் நிற்பவை.

ராசிபுரத்துப் பெயரைச் சுமந்த ஒருவருக்குப் பூர்வீகமும் இல்லாத, பிறப்பும் இல்லாத ஒரு நகரம் மாநகராட்சிப் பணத்தில் கூடம் கட்ட முடிகிறது. தஞ்சாவூரும் கும்பகோணமும் கோபுலுவுக்காக அதைச் செய்ய முடியாதா? அரண்மனை எதுவும் கேட்கவில்லை. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அதில் ஈரமும் கறையானும் அண்டாத இரண்டு அறைகள், அசல் படங்களைக் கையாளத் தெரிந்த ஒருவர், படங்களை ஸ்கேன் செய்ய ஒரு நல்ல இயந்திரம் போதும். தமிழ் வளர்ச்சித் துறையும் கலை பண்பாட்டுத் துறையும் பத்திரிகை நிறுவனங்களும் உட்கார்ந்து பேசினால் ஓராண்டில் முடிகிற வேலை. அசல் ஓவியங்களைப் பீரோவிலும் பரணிலும் வைத்திருக்கும் குடும்பங்களும் முன்வர வேண்டும். காகிதம் நம்மைப்போல் பொறுமையாகக் காத்திருக்காது.

அதுவரை, சென்னையிலிருந்து மும்பைக்குப் போகும் ரயில்கள் பல புனே வழியாகவே போகின்றன. ஹிஞ்சேவாடியில் பிள்ளையோ பெண்ணோ வேலை பார்க்கிறார்கள் என்று போய் வருகிறவர்கள், அடுத்த தடவை ஷீரடிக்குக் கார் ஏற்பாடு செய்யும் முன் ஒரு பாதி நாளைப் பாலேவாடிக்கு ஒதுக்குங்கள். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். பேரப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.